வாடகைக்கு விடாத குரல்

போன வாரம் கிளட்ச் மாஸ்டர், "ஒருத்தரைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று வீட்டில் சொல்லி, சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிப் போனார். யாரைப் பார்த்தார் என்பது மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஊருக்கே தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்தது ஒரே ஒருத்திக்குத்தான். அதை ஊருக்குச் சொன்னதே அவள்தான் என்பது இதில் விசேஷம்.

அவளை அறிவிப்பக்கா என்பார்கள். கணவர் மைக் செட்டு வாடகைக்கு விடுகிறவர், ஊருக்குச் செட்டுக்காரர். அவருடைய தம்பி டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். அவர்தான் கிளட்ச் மாஸ்டர். இந்தத் தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளையும் எதிர்த்துத் தனியாக நிற்கிறார். சின்னம் தாழ்ப்பாள். "தம்பி, நீ நில்லு, நான் பேசறேன்" என்று அவரை நிறுத்தி வைத்தவள் அண்ணிதான்.

அந்த இரண்டு கட்சிகளுக்கும் நீளமான பெயர்கள் உண்டு. அந்தப் பக்கத்தில் யாரும் அவற்றைச் சொல்லி வாயை வலிக்க வைத்துக்கொள்வதில்லை. ஆட்சியில் இருக்கிற கட்சிக்கு 'இருக்கிறவங்க' என்று பெயர். மற்றதற்கு 'இருந்தவங்க'. தேர்தல் முடிந்ததும் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டால் போதும். வேறு எதுவும் மாறாததால் குழப்பமே வருவதில்லை.

அறிவிப்பக்கா இரண்டு பேருக்கும் பேசியவள். வாடகைக்கு மைக் எடுத்தால் குரலும் சேர்ந்து வரும், அது கடையின் வழக்கம். போன தேர்தலில் இரண்டு கட்சி ஆட்டோக்களும் ஒரு சந்தில் எதிரெதிரே மாட்டிக்கொண்டன. பின்னால் போக இரண்டுக்கும் கௌரவம் இடம் தரவில்லை. அவள் குரலும் அவள் குரலும் நேருக்கு நேர் நின்று மதியச் சாப்பாடு வரைக்கும் சண்டை போட்டன. கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் அவளே ஜெயித்தாள் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

அப்படிப்பட்டவள், இந்தத் தடவை கொழுந்தனுக்காகப் பேசியதை மட்டும் வாடகையில் சேர்க்கவில்லை. கணவர் வழக்கமாக அவளை வார்த்தை வார்த்தையாகப் பேசச் சொல்லிப் பதிவு செய்து வைத்துக்கொள்வார். ஒவ்வொரு வார்த்தையையும் மூன்று விதமாகச் சொல்ல வேண்டும்: பேச்சைத் தொடங்குகிற மாதிரி, நடுவில் வருகிற மாதிரி, முடிக்கிற மாதிரி. அப்போதுதான் ஆள் மாறினாலும் சின்னம் மாறினாலும் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். கொழுந்தனுடைய பேச்சை அவள் அப்படிப் பேச மாட்டேன் என்றுவிட்டாள். சமையலறை ஜன்னலோரம் நின்று, ஒரே மூச்சில் இல்லாமல், நிறுத்தி நிதானமாக, வீட்டில் பேசுகிற மாதிரி பேசினாள்.

"நான் உங்க அறிவிப்பக்கா பேசறேன். இதுவரைக்கும் எத்தனையோ பேருக்கு வாடகைக்குப் பேசிட்டேன். இது என் சொந்தப் பேச்சு."

"இதை மட்டும் துண்டு போடாதீங்க" என்று கணவரிடம் சொல்லியும் வைத்தாள்.

பிரசாரத்தின் கடைசி நாள் அது. அவள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தெருமுனையில் ஆட்டோ திரும்பியது. நான் உங்க அறிவிப்பக்கா பேசறேன் என்று குரல் வந்தது. அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

இது என் சொந்தப் பேச்சு, என்றது குரல். "நமது டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், தம்மை மணிக்கூண்டுடன் இணைத்துக்கொண்டார். தாய்மார்களே, பெரியோர்களே, உங்கள் பொன்னான வாக்குகளை மணிக்கூண்டு சின்னத்தில் அளித்து..."

மணிக்கூண்டு இருந்தவங்களுடைய சின்னம்.

அவள் கையில் இருந்த ஈரத் துணி முழங்கையில் சொட்டியது. தன் குரல்தான். ஆனால் அந்தக் குரல் மூச்சு வாங்கவில்லை. சொந்தப் பேச்சு என்று முடித்த இடத்தில், அவள் ஒரு மூச்சு விட்டிருந்தாள். ஜன்னலோரக் குழாய் சொட்டுகிற சத்தம்கூட அதில் கேட்கும். அந்த மூச்சு அங்கே இல்லை. பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு நேரம் மூச்சு விடாமல் பேசியதே கிடையாது.

கீழே வந்தாள். கடையில் செட்டுக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, தெருவுல என்ன ஓடுது?"

"ஆட்டோ."

"ஆட்டோவுல யாரு?"

"டிரைவர்."

"பேசறது யாருங்க?"

வயரில் ஒரு சிக்கு விழுந்திருந்தது. அதை எடுத்து முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"நீதான்."

"நான் எப்பப் பேசினேன்?"

"கொஞ்சம் கொஞ்சமாப் பேசியிருக்க. பல வருஷமா. நான் சேர்த்து வெச்சேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா மாட்டேன்னு சொல்லுவ."

"அதனால?"

"அதனாலதான் கேக்கல."

இதில் தப்பு இருப்பதாக அவர் முகத்தில் தெரியவில்லை. வீட்டில் சண்டை வந்துவிடக் கூடாதே என்று முன்கூட்டியே யோசித்த மனிதரின் முகம் அது. கொஞ்சம் பாராட்டைக்கூட எதிர்பார்த்தது.

"ராத்திரி தம்பி வந்து நின்னான். அண்ணா, நீங்க பார்த்து செஞ்சா உண்டுன்னான். என்ன பண்ணச் சொல்ற? கூடப் பொறந்தவன்."

"அந்த முதல் வரி? அதைத் துண்டு போடக் கூடாதுன்னு சொன்னேனே."

"துண்டு போடல. முழுசாத்தான் எடுத்தேன். பின்னாடி ஒட்டினேன், அவ்வளவுதான்." சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், "அந்த வரி இருக்கணும்னு அவன்தான் கேட்டான். சொந்தப் பேச்சுன்னு வருதுல்ல. அதுதான் வெயிட்டுன்னான்" என்றார்.

அவள் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு உடனே எழுந்தாள்.

"ஒரு செட்டு குடுங்க. நானே போய் இது என் பேச்சு இல்லன்னு சொல்லிட்டு வரேன்."

"செட்டு எங்க இருக்கு? பாரேன்."

பார்த்தாள். சுவரில் ஆணிகள்தான் இருந்தன. குழாய் ஸ்பீக்கர், பெட்டி ஸ்பீக்கர், பேட்டரி, எல்லாம் வெளியே போயிருந்தன. பாதி இருக்கிறவங்களிடம், பாதி இருந்தவங்களிடம். காய்கறி வண்டிக்காரர் இரவல் கேட்கிற கை மைக் கூட இல்லை. ஊரில் சத்தம் போடக்கூடிய பொருள் எல்லாம் இரண்டு கட்சிகளிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

"சரி. வாய் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

கால்வாய்க்கு அந்தப் பக்கத் தெருவுக்குத்தான் அவள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கால்வாய்க்குப் பாலம் கிடையாது. பாலத்துக்கு அடிக்கல் உண்டு. இருக்கிறவங்க ஒரு தடவை நடுவார்கள், இருந்தவங்க மறு தடவை நடுவார்கள். முதல் கல்லைக் கௌரவமாக நிற்க விட்டார்கள். கல் பெருகப் பெருக, தெருக்காரர்கள் ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் கால்வாய்க்குள் வரிசையாகப் போட்டுவிட்டார்கள். இப்போது தண்ணீர் குறைவாக இருந்தால் அமைச்சர்களின் பெயர்கள்மேல் கால் வைத்து அந்தப் பக்கம் போய்விடலாம். பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, இன்னும் நாலு தேர்தல் வந்தால் பாலமே தேவைப்படாது என்று சொல்லிவிட்டுப் போனதாகப் பேச்சு.

மழை வந்தால் அந்தக் கற்களும் முழுகிவிடும். போன மழையில் தையல்காரம்மாவின் மகளுக்குப் பிரசவ வலி வந்தது. ஆட்டோ சந்தையைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது. பிள்ளை வழியிலேயே பிறந்துவிட்டது. பிள்ளை நன்றாக இருக்கிறது. தாய்தான் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

அந்த வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தடவை நம்ம ஆளு நிக்கறாரு, நான் பொறுப்பு" என்று சொல்லியிருந்தாள் அறிவிப்பக்கா.

அவள் கற்கள்மேல் கால் வைத்துக் கடந்தாள். முதல் வீட்டு ஜன்னலில் ஒரு பெண் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, காலையில ஆட்டோவுல ஓடினது என் பேச்சு இல்ல."

"நீங்க யாரு?"

"அறிவிப்பக்கா."

பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அவங்க குரல் நல்லாப் பெருசா இருக்குமே."

ஸ்பீக்கர் இல்லாமல் பார்த்தால் அவளுடையது சின்னக் குரல். இது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டாவது வீட்டில் ஒருவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சாயல் இருக்கு, ஆனா நீங்க அவங்க இல்ல" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

தையல்காரம்மாவுக்கு அவளைத் தெரியும். தெரிந்ததால் நிமிரவில்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அக்கா."

"சொல்லு."

"அது நான் பேசினது இல்லக்கா."

"போன தடவை இருக்கிறவங்களுக்கும் பேசின. இருந்தவங்களுக்கும் பேசின. நாங்க ஏதாவது கேட்டோமா? பொழப்புன்னு விட்டோம். இந்தத் தடவை யாரும் உன்னைக் கூப்பிடல. நீயா படியேறி வந்த. எம்பொண்ணு கட்டில்ல உக்காந்த."

"ஆமாக்கா."

"கடைசியில அந்த வரியையும் வித்துட்டியே."

"நான் விக்கலக்கா. எடுத்துட்டாங்க."

மெஷின் நின்றது. "யாரு எடுத்தாங்க?"

என் வீட்டுக்காரர் என்பது இரண்டே வார்த்தை. எத்தனையோ மேடையில் எத்தனையோ பேரைப் பட்டப்பெயரோடு அறிவித்த நாக்கு, அந்த இரண்டு வார்த்தைக்கு எழும்பவில்லை. வீட்டு விஷயத்தை வெளியே சொல்லிப் பழக்கம் இல்லாதவள்.

அந்த நேரம் பார்த்து ஆட்டோ கால்வாய்க் கரையில் வந்து நின்றது. அவள் என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் உங்க அறிவிப்பக்கா பேசறேன், என்று அவள் குரலே அவளை அமுக்கியது. கத்திப் பார்த்தாள். இது என் சொந்தப் பேச்சு, என்றது குரல்.

"அதான் நீயே சொல்றியே" என்றாள் தையல்காரம்மா. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஆட்டோ நகர்ந்த பிறகு, துணியைப் பார்த்துக் கேட்கிற மாதிரி கேட்டாள். "ஓட்டுச் சீட்டுல தாழ்ப்பாள் இன்னும் இருக்கா?"

"இருக்கும். பேரை எடுக்கற நாள் தாண்டிப்போச்சு."

"அப்ப சின்னம் ஓடல. ஆளுதான் ஓடியிருக்கான்" என்று சொல்லிவிட்டு மறுபடி மெஷினை மிதித்தாள். போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் அவள் பக்கத்தில் ஒரு கார் ஒதுங்கி நின்றது. மேலே சிவப்பு எழுத்தில் 'எல்' பலகை. கிளட்ச் மாஸ்டர் ஓட்டுகிற இடத்திலிருந்து பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்துகொண்டார். யார் ஏறினாலும் நகர்ந்துவிடுவார், அது தொழில் பழக்கம். கழுத்தில் புதுச் சால்வை.

"ஏறுங்க அண்ணி. வெயில்ல நடக்கறீங்க."

காலியாக இருந்தது ஸ்டீயரிங் பக்கம்தான். ஏறினாள். அதே காரில்தான் அவளுக்கு அவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

"கோவமா அண்ணி?"

"கியர் விழல."

"கிளட்ச்சை முழுசா மிதிங்க." வண்டி கிளம்பியதும் கையைக் கட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார். "தனியா நின்னா எவ்வளவு ஓட்டு அண்ணி வரும்? நம்ம ஸ்கூல்ல படிச்சவங்க போட்டாத்தான். அதுல பாதிப் பேர் ஃபெயில், அவங்களும் போட மாட்டாங்க. உள்ள போனா ஏதாவது நடக்கும். பாலம் கட்டித் தரேன்னு கையடிச்சுச் சொல்லியிருக்காங்க."

"யாரு? போன தடவை கல்லு நட்டாரே, அவரா?"

"சேச்சே. அவரோட தம்பி."

"உனக்கு?"

"எனக்கு என்ன அண்ணி. போக்குவரத்து வாரியத்துல சும்மா ஒரு இடம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் தம்பி."

"சொன்னா ஒத்துக்க மாட்டீங்க."

காலையில் கேட்ட அதே வாக்கியம். அண்ணனும் தம்பியும் சொத்தில் இதையும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

அவள் வேகத்தைக் கூட்டினாள். வண்டி போகவில்லை, தானாகக் குலுங்கி நின்றது. குனிந்து பார்த்தாள். அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, ஸ்கூல் வண்டிகளில் இருப்பதுதான். அவர் கால் அதன்மேல் இருந்தது.

"ஸாரி அண்ணி. பழக்கம்."

"தைரியமா ஓட்டுங்க, ஓட்டறது நீங்கதான்" என்று அவர் கற்றுக்கொடுத்த நாட்களில் சொல்லிக்கொண்டே இருப்பார். அவளும் தான்தான் ஓட்டுகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தாள். ஒரு நாள்தான் குனிந்து பார்த்தாள். அன்றைக்குச் சிரிப்பு வந்தது.

"நீ நின்னதே இதுக்குத்தானா? இல்ல, நடுவுல மனசு மாறினியா?"

கிளட்ச் மாஸ்டர் சால்வை நுனியைச் சரி செய்தார். "சாயந்தரம் கூட்டத்துல நீங்க நேர்ல பேசணும் அண்ணி. ஆட்டோவுல கேட்டதை ஜனங்க நம்பலையாம். நேர்ல கேட்டா நம்பிடுவாங்க. நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"யாரோட வாக்கு?"

"உங்களோடதுதான்."

அவள் கிளட்ச்சை முழுசாக மிதித்து, நின்ற வண்டியைக் கிளப்பினாள்.

"வரேன்" என்றாள்.

"அண்ணின்னா அண்ணிதான்" என்றார் அவர். உண்மையாகவே மகிழ்ந்துபோனார்.

கூட்டம் கால்வாய்க் கரை மைதானத்தில். ஊரில் இருந்த ஸ்பீக்கரில் பாதி அங்கே கட்டியிருந்தது, கடைசிக் குழாய் கால்வாயைத் தாண்டி அந்தப் பக்கத்து விளக்குக் கம்பத்தில். எந்தக் கூட்டமானாலும் தொடங்குவதற்கு முன் செட்டுக்காரர் ஆம்ப்ளிஃபையர் மேசையை மைதானத்துக் கோடியில் போட்டு உட்காருவார். அவள் மேடையில் நின்று மைக்கைச் சோதித்துப் பேசுவாள். கேட்டால் அவர் கையைத் தூக்குவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்களுக்குள் ஒழுங்காக நடந்துவருகிற பேச்சுவார்த்தை அது ஒன்றுதான். அவள் சொல்வாள், அவர் கேட்டதென்று கை தூக்குவார்.

மேடையில் கிளட்ச் மாஸ்டர் முன்வரிசை நாற்காலியில் இருந்தார். பக்கத்தில், முன்பு கல் நட்டவரின் தம்பி. கால்வாய்க்கு அப்பால் பெண்கள் கும்பலாக நின்றுகொண்டிருந்தார்கள். சிலர் தண்ணீருக்குள் கிடந்த கற்கள்மேலேயே நின்றார்கள்.

அவள் மைக்குக்கு முன்னால் வந்தாள். கோடியில் கணவரின் முகம் நிம்மதியாக இருந்தது. கையால் சைகை காட்டினார், பேசு என்று.

அவள் முதலில் ஒரு மூச்சு வாங்கினாள். அது எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது. கால்வாய்க்கு அந்தப் பக்கக் குழாயிலும்.

செட்டுக்காரர் கையைத் தூக்கினார்.

"நான் உங்க அறிவிப்பக்கா பேசறேன். இப்ப மூச்சு விட்டேன், கேட்டுச்சா? காலையில ஓடினதுல அது இருக்காது. அது என் குரல்தான். பேச்சு என்னுது இல்ல. வெட்டி ஒட்டினது." நிறுத்தினாள். "யாரு வெட்டினாங்கன்னு கேட்டாங்க ஒரு அக்கா. மத்தியானம் எனக்குச் சொல்ல வரல. என் வீட்டுக்காரர்."

தூக்கிய கை தூக்கியபடி இருந்தது. கிளட்ச் மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்து, அண்ணனைப் பார்த்து, கழுத்தை அறுக்கிற மாதிரி விரலை இழுத்துக் காட்டினார். நிறுத்து என்று.

"யாருக்குப் போடணும்னு இனிமே நான் யாருக்கும் சொல்லப் போறதில்ல. சொல்லிச் சொல்லி உங்களைக் கொண்டுவந்து நிறுத்தினது இந்தக் கல்லுமேலதான். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. ஆளுதான் போயிட்டாரு. தாழ்ப்பாள் இன்னும் சீட்டுல..."

செட்டுக்காரரின் இன்னொரு கை ஸ்விட்சுக்குப் போயிற்று. மைதானம் சட்டென்று அமைதியானது. தூக்கியிருந்த கையும் மெல்லக் கீழே இறங்கியது.

அவள் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, வெறும் தொண்டையில் மிச்சத்தையும் சொன்னாள்.

மேடையில், கல் நட்டவரின் தம்பி கிளட்ச் மாஸ்டர் பக்கம் சாய்ந்தார். "என்னங்க இது, உங்க சின்னம் இன்னும் சீட்டுல இருக்கா?"

"இருக்குங்க. இனி எடுக்க முடியாது."

"நீங்க வேண்டாம்னுட்டீங்க. அவங்க கோவத்துல அதுலயே குத்தி, நீங்க ஜெயிச்சுத் தொலைச்சுட்டா?"

கிளட்ச் மாஸ்டருடைய கால், மேடைப் பலகைமேல் பிரேக்கைத் தேடிற்று.

கால்வாய்க்கு நடுவில் ஒரு கல்மேல் நின்றிருந்த தையல்காரம்மா, இத்தனை வருஷமாகக் கூட்டம் தோறும் பார்த்துப் பழகிய அந்தச் சைகையைச் செய்தாள். கையைத் தூக்கிக் காட்டினாள். பின்னால் இன்னொரு கை எழுந்தது. பிறகு இன்னும் சில.

அறிவிப்பக்கா மைதானக் கோடியைப் பார்த்தாள். அவர் இரண்டு கைகளாலும் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார், தலை நிமிராமல்.